ஒரு ‘டக்’ போதும்

எங்கள் மாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் முதலில் தெரிவது பக்கத்து வீட்டுக்குத்தான். அவர்கள் ஜன்னல் மேலேதான் கொட்டும். “நீரு ஹோக்தா இதே!” (தண்ணி போகுது!) என்று குரல் வந்ததும் அப்பா முழங்கால் வலியோடு எழுந்து போய் மோட்டாரை நிறுத்துவார். காவிரி, நூறு கிலோமீட்டர் பம்ப் ஆகி, ஏறத்தாழ அரை கிலோமீட்டர் உயரம் ஏறி பெங்களூருக்கு வருகிறது. சம்ப்பிலிருந்து, அதாவது தரையடித் தொட்டியிலிருந்து, மூன்றாம் மாடிக்கு ஏற்றுவதுதான் நம் வேலை. அதிலும் பாதியைத் தெருவில் விட்டுக்கொண்டிருந்தோம்.

தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நிற்க வேண்டும் என்று, அலமாரியில் சும்மா கிடந்த ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை எடுத்தேன். எஸ்.பி. ரோட்டில் ஒரு 5 வோல்ட் ரிலே (சின்ன மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) போர்டும், தொட்டிக்கு நீர்மட்டத்தோடு மிதந்து மாறும் ஃப்ளோட் ஸ்விட்சும் வாங்கினேன். அந்தக் குட்டி ரிலேயில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், நம்பாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். எங்கள் வீட்டில் ரிலே, கான்டாக்டர் என்ற பெரிய ரிலேயின் காயிலை மட்டும் இயக்குகிறது, கான்டாக்டர்தான் மோட்டாரை இயக்குகிறது. 230 வோல்ட் பக்கத்தை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிட்டேன்.

பைத்தான் மொழி வேண்டாம், லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக எழுதும் ஷெல் ஸ்கிரிப்ட் போதும் என்று முதலிலேயே முடிவு. பையில் வயர் செருகும் கம்பிக்குப் பின் என்று பெயர், லினக்ஸில் அதுவும் ஒரு ஃபைல்தான். எக்ஸ்போர்ட் என்ற ஃபைலில் எக்கோ கட்டளையால் 17 என்று எழுதினால் அந்தப் பின்னுக்கு ஒரு ஃபோல்டர் முளைக்கும். அதிலுள்ள டைரெக்ஷன் ஃபைலில் அவுட் என்று எழுதி, வேல்யூ ஃபைலில் 0 அல்லது 1 எழுதினால் வேலை முடிந்தது.

முடியவில்லை. ரிலே அசையவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: ஸ்கிரிப்டில் நான் எழுதிய 17, சிப்பின் கணக்கில் வரும் ஜிபிஐஓ 17, அது போர்டில் 11-ஆவது பின். எண்ணிப் பார்த்து நான் செருகிய 17-ஆவது பின், எப்போதும் 3.3 வோல்ட் கொடுக்கும் சப்ளை பின். என் ரிலே போர்டோ 0 கொடுத்தால்தான் இழுக்கும். அது எப்படி அசையும்?

வயரை மாற்றியதும் ஓடியது. ஆனால் பை ஆன் ஆகும்போதெல்லாம் மோட்டார் ஒருமுறை உறுமி அடங்கியது. நான் ஸ்கிரிப்டையே முறைத்துக்கொண்டிருந்தேன். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாதான், “டேய், ரெண்டு தடவை அடிக்குதுடா. ஒண்ணு இழுக்குது, ஒண்ணு விடுது” என்றார். தூரவாணி நகர் ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலையில், ஸ்ட்ரோஜர் என்ற பழைய வகை எக்ஸ்சேஞ்சுக்கு ரிலே சோதித்த காது அது. விஷயம் அதேதான். டைரெக்ஷனில் அவுட் என்று எழுதிய கணமே பின் 0-வில் வந்து நிற்கும், அடுத்த வரியில் நான் 1 எழுதும்வரை ரிலே இழுத்திருக்கும். அவுட்டுக்குப் பதில் ஹை என்று எழுதினால் பின் 1-இலேயே தொடங்கும். அதை மாற்றியதும் அந்த உறுமல் போனது.

ஃப்ளோட் ஸ்விட்சை ஜிபிஐஓ 5-இல் கொடுத்தேன். 0 முதல் 8 வரையிலான பின்கள் பூட் ஆகும்போதே புல்-அப்பில் இருக்கும், அதாவது எதுவும் கீழே இழுக்காதவரை 1 காட்டும். தண்ணீர் குறைந்தால் ஸ்விட்ச் கிரவுண்டைத் தொட்டு 0 காட்டும், நிரம்பினால் 1. இப்படி வைத்ததற்கு அப்பாவின் கேள்விதான் காரணம்: “வயரை எலி கடிச்சா?” கடித்தால் 1, மோட்டார் நிற்கும். உள்ளே இருக்கும் புல்-அப் மோட்டார் வயரோடு சேர்ந்து போகும் நீள வயருக்குப் பத்தாது. மோட்டார் கிளம்பும்போதெல்லாம் கண்டபடி காட்டியது. 3.3 வோல்ட்டுக்கு ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, ஒரு நொடி இடைவெளியில் மூன்று முறை படித்து, மூன்றும் ஒன்றாக இருந்தால் மட்டும் நம்பு என்று எழுதினேன்.

ஒன்றரை வருடம் அதைத் தொடவில்லை. ஒரு சனிக்கிழமை இரவு, நன்றாக ஓடுவதைக் கெடுக்க வேண்டும் என்ற பழக்கத்தில், அப்டேட் போட்டேன். காலையில் மேல்வீட்டு அக்கா தலையில் ஷாம்பூ நுரையோடு படியில் நின்று, “தம்பி, தண்ணி வரல!” லினக்ஸின் மையமான கெர்னலின் 6.6 பதிப்பில் ராஸ்பெரி பையின் பின் எண்கள் 0-விலிருந்து அல்லாமல் 512-இலிருந்து தொடங்குகின்றன. என் 17 இப்போது 529. ‘இன்வேலிட் ஆர்க்யுமென்ட்’ என்று லாகில் இரவு முழுக்க எழுதியிருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

529 என்று திருத்திக் குளியலை முடித்துவைத்தேன். ஆனால் ஃபைலில் எண் எழுதும் இந்தப் பழைய வழியைக் கைவிடச் சொல்லி 2016-இலிருந்தே சொல்கிறார்கள், கேட்காதது நான். இப்போது ஜிபிஐஓசெட், ஜிபிஐஓகெட் கட்டளைகளுக்கு மாறிவிட்டேன். அங்கே 17 என்றால் 17-தான். ஒரு சங்கடம் உண்டு: ஜிபிஐஓசெட் முடிந்துபோனால் பின் அதே நிலையில் நிற்கும் என்று உத்தரவாதம் இல்லை. அதனால் அதை, நிறுத்தச் சொல்லும்வரை நிற்காத சிக்னல் மோடில் பின்னணியில் ஓடவிட்டு, பிராசஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, தொட்டி நிரம்பியதும் அதைக் கொன்று, கையோடு 1 எழுதிவிடுகிறேன்.

சம்ப்பில் தண்ணீர் இல்லாதபோது மோட்டார் வெறுமனே ஓடாமலிருக்க இன்னொரு ஃப்ளோட் பாக்கி. ஜிபிஐஓ 6-ஐ அதற்காக விட்டுவைத்திருக்கிறேன். அதுவரை விடியற்காலையில் ரிலேயின் ‘டக்’ கேட்டதும் அப்பா சம்ப் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிக்கிறார்.