ஒற்றைக் கம்மலும் 7,000 ரூபாய் டிடெக்டரும்

அரியமான் கடற்கரையில் குளிக்கப் போன சித்தியின் ஒற்றைக் கம்மல் மணலுக்குள் போய்விட்டது. இப்போது தங்கம் விற்கிற விலைக்கு 7,000 ரூபாயில் ஒரு கிராம்கூட வராது. அதே காசுக்குப் பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கினால் கம்மலும் கிடைக்கும், அப்புறம் தனுஷ்கோடி வரைக்கும் ஊரார் தொலைத்ததும் கிடைக்கும் என்பது சித்தப்பாவின் கணக்கு. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாவத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டார்.

ராமநாதபுரத்தில் முதலில் பார்த்தது, கோயில் வாசலில் நம் மேல் தடவுவார்களே, அந்தக் கைக்கருவி. இடுப்பில் இருக்கும் கத்தியைக் கண்டுபிடிக்கும்; சாண் ஆழத்து மணலில் கிடக்கும் கம்மல் அதற்கு எட்டாது. அடுத்தவர் இன்னும் பெரிய ஆள். கைப்பிடியில் இரண்டு ஆன்டெனாக் குச்சி, அவ்வளவுதான் மெஷின். ஒரு கிலோமீட்டர் தள்ளித் தங்கம் இருந்தாலும் தானாகத் திரும்புமாம். "சித்தி வளையலோட பக்கத்துலதான் நிக்கிறாங்க, அங்கிட்டுத் திரும்பலையே" என்றேன். "இது புதைஞ்ச தங்கத்துக்கு மட்டும்தான் சார்" என்றார், கண் இமைக்காமல்.

கடைசியில் கீழக்கரையில் ஒரு பாய், துபாயிலிருந்து கொண்டுவந்த டிடெக்டரை விற்பதாகத் தெரிந்தது. விலை 9,000. நிஜமான மெஷின்தான். பேட்டரி பெட்டியைத் திறந்து பார்த்தேன், பச்சை பூக்கவில்லை. தரையில் ஓட்டும் வட்டத் தட்டுக்குக் காயில் என்று பெயர்; அதற்குள் வயர் நுழையும் இடத்தை ஆட்டிப் பார்த்தேன், சத்தம் மாறவில்லை. உப்புக்காற்று ஊரில் பழைய சாமான் வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் பார்க்காமல் பணத்தை எடுக்கக் கூடாது.

சித்தப்பாவுக்குப் பொறுமை இல்லை. ஹாலிலேயே ஆன் செய்து தரையில் ஓட்டினார். மூலைக்கு மூலை 'பீப்'. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, தரைக்குள் கான்கிரீட் கம்பி இருக்கிறது என்று சொல்லவே எனக்கு மனசு வரவில்லை. பாய்தான் சொன்னார்: "தோண்டிராதீங்கண்ணே, போன வருஷம்தான் டைல்ஸ் போட்டேன்."

கடற்கரைக்கு எடுத்துப்போய்ப் பார்த்தால்தான் ஆச்சு என்றேன். காய்ந்த மணலில் மெஷின் நல்ல பிள்ளையாக இருந்தது. அலை நனைத்த மணலில் காயிலை நீட்டியதுதான் தாமதம், கல்யாண வீட்டுக் குழந்தை மாதிரி ஓயாமல் கத்தியது. உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். ஒரே அலைவரிசையில் ஓடும் மெஷின் அதையும் உலோகம் என்று நினைத்துக்கொள்ளும். ஈர மணலுக்கென்றே பல அலைவரிசை மெஷின்களும் பல்ஸ் வகை மெஷின்களும் இருக்கின்றன. 7,000 ரூபாயோடு அவற்றின் பக்கம் போக முடியாது. சென்சிட்டிவிட்டியைக் குறைத்தேன், கத்தல் நின்றது. கூடவே ஆழமும் போயிற்று.

அப்புறம் காசுச் சோதனை. இரும்பை ஒதுக்கும் பட்டனைப் போட்டுவிட்டு ஒரு ரூபாயைப் புதைத்தோம். ஒரு பக்கம் ஓட்டினால் கத்துகிறது, மறுபக்கம் ஓட்டினால் ஊமை. "கவர்மென்ட் காசையே தெரியலையா இதுக்கு?" என்றார் சித்தப்பா. நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் இப்போது காந்தத்தில் ஒட்டுகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்; மெஷினுக்கு அது பாதி ஆணி. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தால் செலவே இல்லாமல் வந்து ஒட்டும்.

தங்கத்தைச் சோதிக்க, மிஞ்சிய கம்மலைக் கேட்டார். "ஒன்னு போனது போதாதா?" என்று சித்தி முந்தானையில் முடிந்துகொண்டார். நியாயம்தான். ஆனால் சின்னத் தங்கமும் பாக்குப் பொட்டலத்து அலுமினியத் தாளும் இந்த மெஷினுக்கு ஏறக்குறைய ஒரே சத்தம். தாளை ஒதுக்கினால் கம்மலும் ஒதுங்கிவிடும். ஆகவே கத்துகிற இடமெல்லாம் தோண்டியாக வேண்டும்.

இதையெல்லாம் பாயிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னதில் 9,000 இறங்கி 6,500 ஆனது, ஹெட்போனும் சேர்த்து. வழியில், மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும், 1878-லேயே சட்டம் வந்துவிட்டது என்றேன். சித்தப்பா வெகுநேரம் யோசித்தார். "அஞ்சு அஞ்சு ரூபாயா எடுத்தா?"

அரியமானில் கம்மல் கிடைக்கவில்லை. சோடா மூடி, தூண்டில் முள், யாரோ வீட்டுச் சாவி, அப்புறம் வலையிலிருந்து உதிர்ந்த ஈயக்குண்டு ஏராளம். ஈயத்துக்கு மெஷின் அழகாகக் கத்துகிறது. வலை கட்டுகிறவர்கள் அதை வாங்கிக்கொண்டு மீன் கொடுக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை சூடை. இந்த வாரம் நகரை வேண்டுமென்று சித்தி, சித்தப்பாவை விடியற்காலையிலேயே எழுப்பி அனுப்பியிருக்கிறார்.