ஒற்றைக்காலில் நிற்கிறேன்

பிப்ரவரி 4, 2025, செவ்வாய்

மகனைக் கராத்தே வகுப்பில் விடப் போன இடத்தில் நானும் மாட்டிக்கொண்டேன். மூன்று மாதமாக வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு போனைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நான். "சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு உள்ளே வந்து நின்றால் என்ன மா?" என்று போன வாரம் சென்செய், அதாவது கராத்தே ஆசிரியர், கேட்டுவிட்டார். இந்த ஊரில் எந்தப் பெண்ணையும் 'மா' போட்டுத்தான் பேசுவார்கள். அப்படிக் கேட்டால் மறுக்க வாய் வருவதில்லை.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் ஒரு சமூகக்கூடம், மரத்தரை, மூன்று மின்விசிறி. அதில் ஒன்று சுற்றாது. வெள்ளைப் பட்டைக்காரர்கள் பதினொரு பேர். என்னைத் தவிர எல்லோருக்கும் பால் பல் விழுகிற வயது. எனக்கு 43.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: உயரமாக உதைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கதவு நிலையில் ஓங்கி ஓர் உதை விட்டு, கால் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். 94 செ.மீ. பரவாயில்லையே என்று தோன்றியது. அப்புறம் கண்ணை மூடி ஒற்றைக்காலில் நின்று பார்த்தேன். மகன் எண்ணினான். 4 வினாடி.

பிப்ரவரி 6, வியாழன்

தொடை என்று ஒன்று இருப்பதே இன்றுதான் தெரிகிறது. ஸென்குட்சு டாச்சி என்ற நிலை. முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி, அப்படியே கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. படியில் பக்கவாட்டில் இறங்குகிறேன், நண்டு மாதிரி. மீதி நாளைக்கு.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். வகுப்பு இல்லை, சென்செய் காவடி எடுக்கிறார்.

எதிர் வீட்டு ஆயாவோடு கோயிலுக்குப் போனேன். ஆயா மேகசின் பராக்ஸில் பிறந்தவர், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் இருந்த குடியிருப்பு அது. 1960களில் அங்கிருந்த தமிழர்களை எல்லாம் சட்டம் போட்டு இங்கே கொண்டுவந்து இறக்கியபோது வந்த குடும்பம். அவர் பேசும் தமிழில் பாதி ஆங்கிலம், கால்வாசி ஜூலு. என் திருநெல்வேலித் தமிழைக் கேட்டால் சினிமா மாதிரி இருக்கிறது என்று சிரிப்பார்.

காவடிக்காரர்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் அத்தனை பாரம், தார் ரோடு அடுப்பாய்க் கொதிக்கிறது, ஆனால் யாரும் தடுமாறவில்லை. முழங்கால் லேசாக மடிந்தே இருக்கிறது, அடி சின்னச் சின்னதாக விழுகிறது. திரும்பும்போது பாதம் முதலில் திரும்பி, உடம்பு பின்னால் வருகிறது. சென்செய் கடந்து போனபோது எனக்கு அது ஸென்குட்சு டாச்சியாகவே தெரிந்தது. சாமி கும்பிடப் போன இடத்தில் இது என்ன புத்தி!

மார்ச் 4, செவ்வாய்

இன்று மாயே கெரி. முன்னுதை. ஒரு மாதமாக நான் செய்துகொண்டிருந்தது உதையே அல்ல, கால் வீச்சு என்று தெரிந்தது.

முதலில் முழங்கால் மார்புப் பக்கம் மேலே வர வேண்டும். குதிகால் தொடையை ஒட்டி மடங்கியிருக்க வேண்டும். அங்கிருந்து பாதம் நேராக முன்னே போய், விரல்களைப் பின்னே வளைத்து, விரலுக்குக் கீழே இருக்கிற சதைப்பகுதியால் இடிக்க வேண்டும். விரல் வளையாவிட்டால் உடைவது விரல்தான். இடித்த வேகத்தைவிடச் சீக்கிரமாக கால் மடங்கித் திரும்ப வேண்டும். அதற்குப் பெயர் ஹிகி ஆஷி. திரும்பாத காலை எதிராளி பிடித்துக்கொள்வான் என்றார் சென்செய். எனக்கு எதிராளியே தேவையில்லை, கால் திரும்பாவிட்டால் நானே முன்னால் விழுகிறேன். இத்தனைக்கும் நடுவில் ஊன்றிய காலின் குதிகால் தரையை விட்டு எழக்கூடாது. இடுப்பைப் பின்னால் சாய்த்து உயரத்தைத் திருடவும் கூடாது.

நான் இரண்டையும் செய்துதான் 94 எட்டியிருக்கிறேன். வீட்டில் ஒழுங்காகச் செய்து புதுக் கோடு போட்டேன். 68.

ஒரு மாதம் பயிற்சி செய்து 26 செ.மீ. இறங்கியிருக்கிறேன். மகனுக்கு இது பெரிய நகைச்சுவை.

மார்ச் 13, வியாழன்

முழங்கால் போச்சு.

மவாஷி கெரி, சுற்றி வந்து உதைப்பது. உதைக்கும்போது ஊன்றிய பாதம் தரையில் சுழன்று, குதிகால் எதிராளியைப் பார்க்கும்படி திரும்ப வேண்டும். டர்பனின் இந்தப் புழுக்கத்தில் மரத்தரை ஒரு இடத்தில் வழுக்கும், பக்கத்திலேயே பசை போல ஒட்டும். என் பாதம் ஒட்டிய இடத்தில் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் சுற்றியது. நடுவில் அகப்பட்டது முழங்கால். உள்பக்கம் சுருக்கென்று ஒரு வலி. தரை மேல் பழி போடலாம்தான். ஆனால் குதிகாலைத் திருப்பு என்று சென்செய் அதற்குமுன் நான்கு தடவை சொல்லியிருந்தார்.

மார்ச் 17, திங்கள்

பிசியோதெரபிஸ்டிடம் போனேன். தசைநார் கிழியவில்லை, இழுபட்டிருக்கிறது. மூன்று வாரமாவது உதை கூடாது.

ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லிப் பின்னால் இருந்து பார்த்தார். வலது காலில் நின்றால் என் இடது இடுப்பு தொப்பென்று இறங்குகிறதாம். நிற்கிற பக்கம் இடுப்புக்கு வெளிப்புறமாக இருக்கிற தசைதான் மறுபக்கம் சாயாமல் பிடிக்க வேண்டும். பதினைந்து வருடம் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்ததில் அது தூங்கிவிட்டது. அந்தத் தசை பிடிக்காவிட்டால் முழங்கால் உள்ளே வளையும், பாதம் ஆடும், உதை எங்கேயோ போகும். மேலே போகிற காலைப் பற்றியே யோசித்தேன், கீழே நிற்கிற காலை யாரும் கவனிக்கவில்லை. யாரும் என்றால் நான்தான்.

உடம்பு நிலை தவறாமல் நிற்க மூன்று பேர் தகவல் தருகிறார்கள் என்றார்: கண், உள்காது, பாதமும் மூட்டுகளும். கண்ணை மூடினால் ஒரு ஆள் விடுப்பு. என் 4 வினாடிக்கு விளக்கம் கிடைத்தது.

மார்ச் 30, ஞாயிறு

வீட்டுப்பாடம் இதுதான். ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது, பக்கத்துக்கு 12 தடவை. மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது. வாசற்படியில் ஒரு கால் நிற்க, இன்னொரு காலின் குதிகாலை மெதுவாக இறக்கித் தரையைத் தொட்டுத் தொடாமல் ஏற்றுவது. மூன்றாவதுதான் கொல்கிறது. பார்க்க ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், தொடை தானாக நடுங்கும்.

பல் தேய்க்கும்போது ஒரு நிமிடம் வலது, ஒரு நிமிடம் இடது. முதல் வாரம் கண்ணாடி முழுக்கப் பற்பசை. சின்ன வயதில் தெருவில் பாண்டி ஆடும்போது எட்டுக் கட்டத்தையும் நொண்டியடித்துக் கடந்து, குனிந்து சில்லையும் எடுத்து வந்தவள் நான். அது எங்கே போனது?

ஆயா சுவருக்கு அப்பாலிருந்து, "என்ன பிள்ளை, ஒத்தக்கால்ல நிக்கிறே? புருஷன்கிட்ட நகை கேக்கிறியா?" என்றார்.

ஏப்ரல் 18, வெள்ளி

குட் ஃபிரைடே. மவுண்ட் எட்ஜ்கோம்பில் மாரியம்மன் திருவிழா. கரும்புத் தோட்டக் காலத்தில் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல லீவு கிடைத்தது ஈஸ்டருக்குத்தான், அதனால் அம்மனும் அதற்கே வந்துவிட்டாள் என்பது ஆயாவின் வரலாறு. வரிசையில் இரண்டு மணி நேரம். புடவைக்குள் ஒற்றைக்காலில் நின்றால் யாருக்குத் தெரியப்போகிறது? நின்றேன். ஆயாவுக்குத் தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 24, வியாழன்

திரும்ப வகுப்பு. வலி இல்லை, பயம் இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு மவாஷி கெரியை நான்கு துண்டாக: முழங்கால் தூக்கு, குதிகால் திருப்பு, உதை, மடக்கு. சென்செய் இச்சி, நி, சான், ஷி என்று எண்ண எண்ண, ஒவ்வொரு எண்ணிலும் சிலையாக நிற்க வேண்டும். வேகமாகச் செய்தால் தப்பு மறைந்துவிடும், மெதுவாகச் செய்தால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

கட்டாவும் ஆரம்பம், வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொடர். முதல் கட்டா ஹேயான் ஷோடான். 21 அசைவு, அதில் ஒரு உதைகூடக் கிடையாது. முதலில் ஏமாற்றமாக இருந்தது. எல்லாம் நடப்பது, திரும்புவது, நிற்பது. என் நிலைமைக்கு அதுவே சரி.

கண்ணை மூடி: 13 வினாடி.

மே 11, ஞாயிறு

மூச்சு பற்றி எழுதவே இல்லை. கூடத்தை நான்கு தடவை உதைத்துக் கடந்தால் எனக்குக் காது அடைக்கிறது. பசங்களுக்கு வியர்ப்பதோடு சரி.

ஞாயிறு காலைகளில் கடற்கரை நடைபாதைக்குப் போகிறேன். யூஷாக்கா கடல் பூங்காவிலிருந்து வடக்கே. வெறுமனே நடந்தால் போதாது, கராத்தேயில் வருவது குட்டிக் குட்டி வெடிப்புதான் என்றார் சென்செய். ஆகவே 20 வினாடி ஓட்டம், 40 வினாடி நடை, பத்து சுற்று. ஏழாவது சுற்றில் ஒரு மீன்பிடிக்கிற தாத்தா தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வாரநாளில் கயிறு தாண்டல்.

காலை நீட்டுவதைப் பற்றி ஒரு தப்பையும் திருத்திக்கொண்டேன். முன்பெல்லாம் வகுப்புக்கு முன்னால், உடம்பு குளிர்ந்திருக்கும்போதே குனிந்து கால்விரலை இழுத்துப் பிடிப்பேன். இப்போது முன்னால் கால் ஊஞ்சல் மட்டும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும். பிடித்து நிறுத்தும் நீட்டல் எல்லாம் வகுப்பு முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போது.

கோடு: 77.

ஜூன் 8, ஞாயிறு

காம்ரேட்ஸ் மாரத்தான். இந்த வருடம் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து டர்பனுக்கு, ஏறக்குறைய 90 கி.மீ., 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வெஸ்ட்வில் பக்கம் நின்று ஆரஞ்சுத் துண்டு கொடுத்தோம். என்னைவிடக் கனமான, என்னைவிட வயதான பெண்கள் ஓடி வந்தார்கள். பத்து சுற்றைப் பற்றி இவ்வளவு எழுதியதற்கு வெட்கமாக இருக்கிறது. அழிக்க மாட்டேன்.

ஜூன் 14, சனி

பட்டைத் தேர்வு. வெளியிலிருந்து வந்த ஒரு சென்செய் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். குளிர்காலத் தரை, பாதம் ஜில்லென்று இருந்தது, ஆனால் ஒட்டவில்லை.

கட்டாவில் ஒன்பதாவது அசைவில் கியாய், அதாவது அடியோடு சேர்த்துப் போடும் கத்தல், போட மறந்துவிட்டேன். பதினேழாவதில் இரண்டுக்கும் சேர்த்துக் கத்தினேன். ஐந்தடி குமித்தே என்பது ஜோடியாக நின்று குத்துவதும் தடுப்பதும். அதில் எனக்கு ஜோடி எட்டு வயதுப் பெண். அவள் குத்து என் வயிற்றுக்கு வந்தது, என் குத்து அவள் தலைக்கு மேலே போய்விடாமல் இறக்கிப் போட வேண்டியிருந்தது. முன்னுதை ஐந்து. மூன்று நன்றாக வந்தது. ஒன்று நடுங்கியது. கடைசி உதையில் முழங்கால் தானாக மேலே வந்து, பாதம் போய், திரும்பி, நான் போட்ட இடத்தில் இறங்கியது. அப்போது நான் காலைப் பற்றி யோசிக்கவே இல்லை.

மஞ்சள் பட்டை. கூடவே ஒரு சீட்டு: ஊன்றிய குதிகால் இன்னும் எழும்புகிறது.

வீட்டில் கோடு 86. கண்ணை மூடி 29 வினாடி. ஆயாவுக்குப் பட்டையைக் காட்டினேன். பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்ல துணி" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

யோக்கோ கெரி ஆரம்பம். பக்கவாட்டில் உதைப்பது, இடிப்பது பாதத்தின் வெளி விளிம்பு. கதவு நிலையின் மறுபக்கத்தில் புதிதாகப் பென்சில் கோடு போட்டேன். 52.