முப்பது நொடி விதி என்று ஒன்று இல்லை

பிறர் பாடலிலிருந்து முப்பது நொடிக்குள் எடுத்துக்கொண்டால் சிக்கல் வராது என்ற நம்பிக்கை காணொளி உருவாக்குபவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. ஆனால் அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நியாயமான பயன்பாட்டைப் (அனுமதியின்றிப் பிறர் படைப்பை எடுத்தாள இடமளிக்கும் விதிவிலக்கை) பற்றிப் பேசும் 107ஆம் பிரிவில் நொடிக்கணக்கு எதுவும் கிடையாது. எதற்காக எடுத்தார்கள், மூலப்படைப்பு எத்தகையது, எவ்வளவு எடுத்தார்கள், அதன் சந்தை எந்த அளவுக்குப் பாதிக்கப்படும் ஆகிய நான்கையும் சேர்த்து எடைபோடும் பொறுப்பை அது நீதிமன்றத்திடம் விடுகிறது.

இதைப் புரிந்துகொள்ள 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அளித்த தீர்ப்பையே முதலில் படிக்கச் சொல்வேன். ராய் ஆர்பிசனின் ‘ஓ, பிரிட்டி வுமன்’ பாடலைப் பகடி செய்ய டூ லைவ் க்ரூ என்ற ராப் குழு அனுமதி கேட்டது. மறுக்கப்பட்ட பிறகும் 1989இல் வெளியிட்டதால் வழக்கு வந்தது. கேட்டவுடன் அடையாளம் தெரிந்துவிடும் தொடக்க இசைத்துணுக்கையும் முதல் வரியையும் குழு அப்படியே எடுத்திருந்தது. விற்பனைக்காகப் பாடலின் உயிர்நாடியையே எடுத்தது நியாயமாகாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். மூலப்பாடல் நினைவுக்கு வராவிட்டால் பகடியே இல்லை என்பதால் உயிர்நாடியைத் தொடுவது தவிர்க்க முடியாதது என்றும், வணிக நோக்கம் மட்டுமே தீர்ப்பை முடிவு செய்துவிடாது என்றும் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆயினும் அது குழுவுக்கு முழு வெற்றியைத் தரவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை: அந்த இசைத்துணுக்கைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டது மிகையா, அப்பாடலின் பகடியல்லாத ராப் வடிவத்துக்கான சந்தை பாதிக்கப்படுமா என்பவற்றை ஆராயுமாறு வழக்கு திருப்பி அனுப்பப்பட்டது.

ஆகவே, எடுத்த பாடலைப் பற்றியே ஏதேனும் சொல்கிறோமா என்பதுதான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது. பயணக் காணொளிக்குப் பின்னணியாக ஓடும் பாடல் அப்படி எதையும் சொல்வதில்லை. நன்றி என்று பெயர் போடுவதும் அனுமதிக்கு ஈடாகாது. மெட்டுக்கும் வரிகளுக்கும் ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமை என்பதையும் மறக்கக்கூடாது.

நியாயமான பயன்பாடு என்ற இந்த விதிவிலக்கை, பாடல் கேட்பவர்களின் உரிமையாகவே நான் மதிக்கிறேன். பாடகர் பிரின்ஸின் பாடல் ஒலிக்க, சமையலறையில் குழந்தை ஆடும் 29 நொடிக் காணொளி பாடல் உரிமையாளரின் கோரிக்கையால் 2007இல் யூடியூப்பிலிருந்து நீக்கப்பட்டபோது தாய் வழக்குத் தொடுத்தார். நீக்கக் கோரும் முன் அது நியாயமான பயன்பாடா என்று உரிமையாளர் பரிசீலித்தாக வேண்டும் என ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. காணொளி நீக்கப்பட்டவர், நீக்கியது தவறு என்று தளத்துக்கு எதிர் அறிவிப்பு அனுப்பலாம். உரிமையாளர் வழக்குத் தொடுக்காவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் தளம் காணொளியை மீண்டும் ஏற்ற வேண்டும் என்கிறது சட்டம்.