கஞ்சில் வயிற்றிலிருந்து ஒன்றரைக் கிலோ

கிளட்சை மிதித்தால் சத்தம் நின்றுவிடுகிறது. காலை எடுத்தால் மறுபடி கடகடவென்று வருகிறது, தகர டப்பாவில் கொட்டைப்பாக்கைப் போட்டு ஆட்டுகிற மாதிரி. அப்பா பானெட்டைத் திறந்து காதைச் சாய்த்து ஐந்து நிமிடம் கேட்டார். “கியர்பாக்ஸ் பேரிங் போச்சுடா” என்றார். பேரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு முந்தின வாரம் நான் என்ன செய்து வைத்தேன் என்பதைத்தான் அவரிடம் அப்போது சொல்லியிருக்கவில்லை.

எங்கள் காடி, அதாவது கார், மலேசியாவின் பெரோடுவா கம்பெனி செய்த 1999 கஞ்சில். 847 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், ஐந்து கியர். மலாயில் பேர் என்னவோ சருகுமான். ஆனால் சுங்கை சிப்புட் பட்டணத்து சமிக்ஞை விளக்கில் பச்சை விழுந்தால் சேற்றில் படுத்த எருமை எழுந்திருக்கிற மாதிரிதான் கிளம்பும். டர்போ எஞ்சின் இறக்கிப் போட என்னிடம் காசும் இல்லை, அதற்கான ஃபாரம் நிரப்பிக்கொண்டு அலையப் பொறுமையும் இல்லை. நான் செம்பனை எண்ணெய் மில்லில் ஃபிட்டர். கையில் ஸ்பேனர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான இரும்புச் சக்கரத்தை, அந்த ஃப்ளைவீலை, இளைக்க வைத்தால் என்ன என்று தோன்றியது.

காடியில் இருந்ததில் கை வைக்கவில்லை. அந்த ஒரு புத்தி இருந்தது. ஈப்போவில் பழைய காடிகளைப் பிரித்து விற்கும் ஒரு போதோங் கடையில் அதே எஞ்சினின் ஃப்ளைவீல் ஒன்றை ஐம்பது வெள்ளிக்கு வாங்கினேன். பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தால் 5.8 கிலோ. வார்ப்பிரும்பு, சுற்றிலும் ஸ்டார்ட்டர் பல்சக்கரம், ஒரு முகத்தில் கிளட்ச் தட்டு தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாகிவிட்ட வளையம்.

எங்கே வெட்டுவது என்பதுதான் எல்லாம். நடுவில் ஒரு கிலோ குறைத்தாலும் எஞ்சினுக்குத் தெரியாது. விளிம்பில் குறைத்தால் உடனே தெரியும், ஏனென்றால் சுழலும் பொருளின் மந்தம் எடையோடு நிற்பதில்லை, மையத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தோடு போகிறது. ஆகவே எஞ்சின் பக்கத்து முகத்தில், விளிம்பை ஒட்டித்தான் கத்தி வைக்கவேண்டும். கிளட்ச் தேயும் முகத்தைத் தொடக்கூடாது, போல்ட் துளைகளைச் சுற்றியுள்ள தடிப்பைத் தொடக்கூடாது. வெட்டின இடம் கூர்மையான மூலையாக முடியக்கூடாது, வளைவாக முடியவேண்டும். வார்ப்பிரும்பில் விரிசல் அந்த மூலையில்தான் பிறக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அதைப் பிய்த்தெறியும் விசை நான்கு மடங்காகும். அது உடைந்தால் தாங்குவதற்கு ஒரு மெல்லிய அலுமினிய மூடிதான் இருக்கிறது.

லேத் கடை அங்கிளுக்கு இதெல்லாம் சொன்னேன். தலையாட்டினார். 1.4 கிலோ போனதும் நிறுத்தச் சொன்னால், “லாகி போலே லா, இன்னும் வெட்டலாம், நடுவுல ஓட்டை போட்டா இன்னும் லேசு” என்கிறார். மூலையைப் பார்த்தேன். கத்தி நுனி மாதிரி நிற்கிறது. நான் பக்கத்திலேயே நின்று வளைவாக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன். பிறகு ஈப்போவில் வேறொரு பட்டறையில் பேலன்ஸ் பார்த்தார்கள், கனமான பக்கத்தில் சின்னச் சின்னக் குழி துளைத்து. அதைச் செய்யாமல் மாட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் காடியில் நான் ஏறமாட்டேன்.

மாட்டின கதை சுருக்கம்தான். அப்பாவும் அம்மாவும் கல்யாணத்துக்குப் போன ஞாயிறு, கூட்டாளி ஒருவன் துணையோடு கியர் எண்ணெயை வடித்து, டிரைவ் ஷாஃப்டைக் கழற்றி, கியர்பாக்ஸை இறக்கினோம். திறந்ததோடு கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க எண்ணெய் சீலையும் மாற்றினேன், அதற்காக இன்னொரு தடவை யார் இறக்குவது? கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்த, உடைந்த ஒரு கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டைச் செருகிப் பிடித்தோம். புது போல்ட், எதிரெதிராக முறுக்கு. இரவு ஏழு மணிக்குக் காடி ஸ்டார்ட் ஆனது.

முதல் நாள் சந்தோஷத்தை மறைக்கத் தேவையில்லை. முதல் கியரில் அது வேறு காடி. அடுத்த நாள் மில்லில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் தோராயமாகப் பதினைந்து சுற்றுச் சுற்றுகிறது. விளிம்பில் எடுத்த அந்த 1.4 கிலோ, அங்கே காடியிலிருந்து 60 கிலோவை இறக்கியதற்குச் சமம். எழுநூறு கிலோவைத் தொடாத காடியில் ஓர் ஆள் இறங்கிக்கொண்ட மாதிரி. ஐந்தாவது கியரிலோ அதே வெட்டு நாலைந்து கிலோவுக்குத்தான் சமம், ஓர் அரிசிப் பை. எஞ்சினின் சக்தி ஒரு குதிரைகூடக் கூடவில்லை. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது மாட்டினதும் மாட்டாததும் ஒன்றுதான்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஏர்கோண்ட் கம்ப்ரெசர் பிடிக்கும்போது எஞ்சின் துவண்டு அணைந்தது. எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தை வைக்கிற ஐடில் திருகைக் கொஞ்சம் ஏற்றினேன். காலையில் பின்பார்வைக் கண்ணாடியில் தெரிகிற காளியம்மன் கோயில் கோபுரம் நடுக்கத்தில் இரண்டாகத் தெரிந்தது. கியர் மாற்றக் கொஞ்சம் சோம்பினால் ஆர்பிஎம் அதற்குள் விழுந்து ஓர் உதறல். காந்தி கலாசாலை விடும் நேரத்தில் அந்த வழியே ஊர்ந்தால், கூடவே நம் தலையும் ஆமாம் ஆமாம் என்று ஆடும். அப்புறம் இந்தக் கடகட. எஞ்சினின் உதைப்பை முன்பு கனமான வீல் விழுங்கிக்கொண்டது. இப்போது அது நேரே கியர்ப் பற்களுக்குப் போகிறது.

இதையும் சொல்லிச் சமாளித்திருப்பேன். தீபாவளிக்கு முந்தின வாரம் லிந்தாங் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனோம். அப்பா ஓட்டினார். பின்னால் அம்மா, தங்கச்சி, பூட் பெட்டியில் சமையல் கேஸ் தோங். மழை விட்ட செம்மண் ஏற்றம். அப்பா இருபது வருடமாகச் செய்கிற மாதிரியே ஐடிலுக்குச் சற்று மேலே வைத்துக் கிளட்சை மெதுவாக விட்டார். டப்பென்று அணைந்தது. மறுபடி. மறுபடியும் அணைந்து, இரண்டடி பின்னால் உருண்டது. பின்னால் செம்பனைக் குலை ஏற்றின லோரி ஹோர்ன் அடித்தான். கடைசியில் நான் உட்கார்ந்து எஞ்சினை அலறவிட்டு, கிளட்சை அரைத்து, கருகிய வாடையோடு மேலே ஏற்றினேன்.

அத்தை வீட்டு வாசலில்தான் சொன்னேன். அப்பா திட்டவில்லை. தோட்டம் செம்பனைக்கு மாறுவதற்கு முன்னால் அவர் ரப்பர் ஃபேக்டரியில் எஞ்சின் டிரைவர். ஒற்றைச் சிலிண்டர் டீசல், நெஞ்சு உயரத்துக்கு ஃப்ளைவீல்.

“உன் காடியில எத்தனை சிலிண்டர்?”

“மூணு.”

“ஒன்னு தள்ளி முடிச்சு அடுத்தது தள்றதுக்குள்ள இடைவெளி இருக்கா இல்லையா?”

இருக்கிறது. மூன்று சிலிண்டரில் 240 டிகிரிக்கு ஒரு வெடி. ஒரு வெடி தள்ளுவது 180 டிகிரிகூட இல்லை. மீதி 60 டிகிரிக்கு மேல் யாருமே தள்ளுவதில்லை. நாலு சிலிண்டரில் ஒன்று முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கிவிடும், அதனால் அங்கே இந்த விளையாட்டைக் கொஞ்சம் விளையாடலாம்.

“அந்த நேரத்துல யாரு வேல செய்யறா? வீலு. நீ அதோட சாப்பாட்டைக் கொறச்சிட்ட.” பால் ஊற்றாத தே ஓ தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துபோனார்.

நான் இன்னும் கழற்றவில்லை. தனியாக ஓட்டும்போது, காலையில் காலியான ரோட்டில் இரண்டாவது கியரில் அது சீறுகிறதை விட மனம் வரவில்லை. அதே சமயம் இதைப் போய் மாட்டு என்று யாருக்கும் சொல்லமாட்டேன், மலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு நிச்சயம் சொல்லமாட்டேன். அப்பா இப்போது கடைக்கு மோட்டார் சைக்கிளில்தான் போகிறார். நான் அரைக்கிற அரைப்பில் கிளட்ச் தட்டு ரொம்ப நாள் வராது. அடுத்த தடவை கியர்பாக்ஸ் இறங்கும்போது பழையது உள்ளே போகும்.

அதை கிரீஸ் பூசி, நாளிதழில் சுற்றி, மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன். போன வாரம் பிரித்துப் பார்த்தேன், கிரீஸ் புதிதாக இருந்தது. நான் பூசவில்லை.