புள்ளி வைத்தால் விழும் நிரல்

பைத்தான் என்ற நிரல்மொழியில் நான் எழுதிய முதல் உருப்படியான நிரல், கண்ணன் என்ற பெயரில் தடுக்கி விழுந்தது. 2018-ஆம் வருடம். ஒரு பெயர்ப்பட்டியலைப் படித்து ஆளுக்கொரு அனுமதிச் சீட்டு தயாரிக்கிற சின்ன வேலை. வீட்டு லினக்ஸ் மடிக்கணினியில் ஒழுங்காக ஓடியது. அதையே அலுவலக விண்டோஸ் கணினிக்குக் கொண்டுபோய், சோதனைக்கு நிலா, கவிதா, மாலா என்று மூன்று பெயர்களை மட்டும் கொடுத்தேன். ஓடியது, ஆனால் திரையில் தமிழ் இல்லை. தலையில் கீறல் போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், மறுபடி கீறல் போட்ட ஏ, மறுபடி வட்டத்துக்குள் ஆர். சரி, எழுத்துருக் கோளாறாக இருக்கும் என்று முழுப் பட்டியலையும் கொடுத்துப் பார்த்தேன். இந்தத் தடவை குப்பைகூட வரவில்லை. பட்டியலின் முதல் பெயர் கண்ணன். 8டி என்ற பைட்டை (கோப்பில் சேமித்திருக்கும், 0 முதல் 255 வரையிலான ஓர் எண்) படிக்கத் தெரியவில்லை என்று ஒரு பிழைச்செய்தியைக் கக்கிவிட்டு நிரல் படுத்துவிட்டது.

அந்த 8டி யார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. நம்முடைய மெய்ப்புள்ளிதான் அது.

எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் செலவாகும். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது பைட்தான் இது ககரமா, லகரமா, கொம்பா, காலா என்று பிரித்துக் காட்டும். என் அலுவலகக் கணினியோ கோப்பை யூடிஎஃப்-8 என்று நினைக்கவில்லை. மேற்கத்திய மொழிகளுக்காக விண்டோஸ் வைத்திருக்கும் 1252 என்ற பழைய அட்டவணையை வைத்துப் படித்தது. அந்த அட்டவணையில் 224 என்றால் கீறல் போட்ட ஏ. 174 என்றால் வட்டத்துக்குள் ஆர். கவிதா ஏன் அப்படி வந்தாள் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? அந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. புள்ளியின் மூன்றாவது பைட் 141, ஹெக்ஸில், அதாவது பதினாறின் அடிப்படையில் எண்ணும் முறையில், சொன்னால் 8டி. உகரக் குறியின் மூன்றாவது பைட் 129. தனி உயிரெழுத்தாக வரும் ஏ 143, ஐ 144. ஐந்து பள்ளங்களில் நாலு சரியாக நம் காலடியில் வந்து விழுந்திருக்கின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, ஆனாலும் கோபம் வந்தது. புள்ளியும் உகரமும் இல்லாத தமிழ் குப்பையாக வரும். அவை இருக்கிற தமிழ் வரவே வராது. இந்த இரண்டும் இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்.

இவ்வளவும் இப்போது எதற்கு என்றால், பைத்தான் 3.15-இன் ஆல்ஃபா வெளியீடுகளை, அதாவது முழுப் பதிப்புக்கு முந்தைய சோதனை வடிவங்களை, கொஞ்ச நாளாக அந்த விண்டோஸ் கணினியில் தனி அடைவில் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் ஆல்ஃபா 2025 அக்டோபரில் வந்தது. மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அப்புறமும் வருகின்றன. (ஜனவரியில் மட்டும் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு. நான்காவது ஆல்ஃபாவைத் தவறுதலாக டிசம்பர் மாத நிரலிலிருந்து கட்டிவிட்டார்கள். மறுநாளே ஐந்தாவதைக் கட்டி வெளியிட்டார்கள். இவர்களுக்கும் இது நடக்கிறது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.)

இந்தப் பதிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சோம்பல் இறக்குமதியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வேறொரு நிரல் தொகுப்பை உள்ளே கொண்டுவரும் இறக்குமதி வரிக்கு முன்னால் லேஸி என்று ஒரு சொல்லைப் போட்டால், அந்தத் தொகுப்பு உண்மையில் தேவைப்படுகிற நிமிடம் வரை ஏற்றப்படாது. பெரிய பெரிய தொகுப்புகளை இழுத்துக்கொண்டு எழுந்திருக்கவே முக்குகிற கட்டளைக் கருவிகளை வைத்திருப்பவர்களுக்கு அது வரம்தான். ஓடுகிற நிரலை நிறுத்தாமல் அவ்வப்போது எட்டிப் பார்த்து, நேரம் எங்கே போகிறது என்று சொல்லும் புதிய புரொஃபைலரும் வருகிறது. இரண்டையும் ஒரு மாலை தொட்டுப் பார்த்தேன். நன்றாகவே இருக்கின்றன. என் நிரல்கள் எல்லாம் இருநூறு வரிக்குள் முடிந்துவிடுகிறவை. எனக்கு அவை அவ்வளவாகத் தேவையில்லை.

எனக்குத் தேவையானது பெப் 686. இனாடா நவோகி எழுதிய முன்மொழிவு. என்கோடிங் (எழுத்துகளை பைட்டுகளாக்கும் முறை) எது என்று சொல்லாமல் ஒரு கோப்பைத் திறந்தால், எந்த இயங்குதளமாக இருந்தாலும், அது யூடிஎஃப்-8 என்றே 3.15 எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். புது இலக்கணம் கிடையாது, புதுச் சொல் கிடையாது. ஒரு இயல்புநிலை மாறுகிறது.

2008-இல் பைத்தான் 3.0 வந்தபோதே மூல நிரல் யூடிஎஃப்-8 என்று ஆகிவிட்டது. மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்றும் ஆகிவிட்டது. ஆனால் அந்தத் தமிழ்ப் பெயர் மாறிக்குள் ஒரு தமிழ்க் கோப்பைப் படித்து வைக்க விண்டோஸில் தனியாகச் சொல்லவேண்டியிருந்தது. 3.7-இல் யூடிஎஃப்-8 பயன்முறை என்று ஒரு விசையைக் கொடுத்தார்கள். அதுவும் அதே 2018-இல்தான் வந்தது. அது இருப்பது தெரியாமல்தான் நான் ஒரு வாரம் முட்டிக்கொண்டேன். 3.15-இல் அந்த விசை தானாகவே போடப்பட்டிருக்கும். வேண்டாதவர்கள்தான் அணைக்கவேண்டும்.

முதலில் அந்தப் பழைய சீட்டு நிரலை, திருத்துவதற்கு முந்தைய வடிவத்தில் தேடி எடுத்து ஓட்டினேன். கண்ணன் வந்தார். வெளியீட்டைத் திரைக்குப் பதிலாக ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டேன், அதிலும் வந்தார். இந்த இரண்டாவது முக்கியம். விண்டோஸில் திரையில் சரியாகத் தெரிகிற தமிழ், கோப்புக்குத் திருப்பியதும் பிழையடித்து நிற்பது பல வருடத் தலைவலி.

அதன்பின் மற்ற நிரல்களையும் ஒவ்வொன்றாக ஓட்ட ஆரம்பித்தேன். நாற்பது சொச்சம் இருக்கும். மூன்றாம் நாள்தான் அடி விழுந்தது.

யுனிகோடுக்கு முந்தைய காலத்தில் டிஸ்கி முறையில் தட்டச்சிட்ட பழைய கட்டுரைகள் என்னிடம் நிறைய உண்டு. அவற்றை யுனிகோடாக மாற்ற ஒரு நிரல் வைத்திருக்கிறேன். டிஸ்கியில் ககரம், கால், கொம்பு என்று ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரே பைட், தமிழ் எல்லாம் 128-க்கு மேலே. என் நிரல் கோப்பை 1252 அட்டவணைப்படி திறக்கும், வருகிற கீறல் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் எழுத்தைப் போட்டு மாற்றும். 1252 என்று நான் எங்கேயும் எழுதவில்லை. விண்டோஸ் அப்படித்தான் திறக்கும் என்பதால் சும்மா விட்டிருந்தேன். போதாக்குறைக்கு, காலி இடங்களில் தடுக்கி விழாமல் இருக்க, படிக்க முடியாத பைட்டுகளைப் புறக்கணி என்றும் சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

3.15-இல் ஓட்டினேன். பிழை எதுவும் இல்லை. முடிந்தது என்று வந்தது. திறந்து பார்த்தால் 180 கேபி கட்டுரை 30 கேபியாகச் சுருங்கிக் கிடந்தது. உள்ளே இடைவெளிகள், காற்புள்ளிகள், வருட எண்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாக எந்த மொழி என்றே தெரியாத சில எழுத்துகள். தமிழ் மொத்தமும் போயிருந்தது. யூடிஎஃப்-8 கண்ணுக்கு டிஸ்கி பைட்டுகள் செல்லாத காசு, செல்லாததைப் புறக்கணிக்கச் சொன்னது நான். சொன்னபடி செய்திருக்கிறது. மூலக் கோப்பின் மேலேயே எழுதும்படி அந்த நிரல் இருந்திருந்தால் இந்தப் பதிவை நான் வேறு தொனியில் எழுதியிருப்பேன்.

தீர்வு ஒரு சொல்தான்: கோப்பைத் திறக்கும் வரியில் என்கோடிங் 1252 என்று போட்டேன். புறக்கணிப்பையும் எடுத்துவிட்டேன், இனி விழுந்தால் சத்தமாக விழட்டும். இதே மாதிரி பழைய கணக்கு மென்பொருள் ஒன்று கொட்டும் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) படிக்கும் நிரலும் தடுக்கியது. அதில் யாரோ ஒருவரின் பெயரில் ஒரே ஒரு கீறல் ஈ. அது குறைந்தபட்சம் கூச்சலிட்டு நின்றது. கணினியின் பழைய வழக்கப்படியே திறக்கவேண்டும் என்றால் என்கோடிங் இடத்தில் லோக்கேல் என்று எழுதலாம். எந்தெந்த வரியில் இந்த விஷயம் சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது என்று 3.10-இலிருந்தே பைத்தானால் எச்சரிக்க முடியும். விருப்பப்பட்டுப் போட்டுக்கொள்ளவேண்டிய விசை அது. போட்டுப் பார்த்தேன். என் நிரல்களில் 67 வரிகள்.

எக்செல் விஷயத்தில் மட்டும் யாரும் அவசரப்பட்டு மகிழவேண்டாம். தமிழ் சிஎஸ்வியை எக்செலில் இருமுறை சொடுக்கித் திறந்தால் ஒழுங்காக வரவேண்டும் என்றால், கோப்பின் தலையில் பாம் எனப்படும் மூன்று பைட் அடையாளம் இருக்கவேண்டும். புதிய இயல்புநிலை அதைப் போடாது. யூடிஎஃப்-8-சிக் என்று நாம்தான் எழுதவேண்டும், முன்பு போலவே.

இன்னொரு மாற்றம், யாரும் பேசாதது. நான் ஓய்வு நேரத்தில் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவன். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. தமிழ் என்ற சொல்லுக்கு மூன்று கட்டம் வேண்டும், பைத்தானைக் கேட்டால் நீளம் 5 என்கும், ஏனென்றால் மி-யின் விசிறியும் ழ்-இன் புள்ளியும் அதற்குத் தனித்தனி ஆட்கள். எனவே யுனிகோட் வகைப்பாட்டில் எம்என் என்று குறித்திருக்கும் ஒட்டுக்குறிகளைக் கணக்கில் விட்டுவிடு என்று முன்பு எழுதியிருந்தேன். கீரை சரியாக இரண்டு கட்டத்தில் வரும் என்று நினைத்தேன், மூன்று வந்தது. கிளி-க்கு நாலு. ஈகாரக் குறி எம்என், இகரக் குறியோ எம்சி என்ற வேறு வகை! புள்ளி எம்என், ஐகாரக் குறி எம்சி. ஒரே குடும்பத்துக் குறிகளை இப்படி இரண்டு வீட்டில் குடிவைத்திருக்கிறார்கள் என்று நான் எப்படி எதிர்பார்ப்பேன்? ஓப்பன்-தமிழ் நிரலகம் இதைச் சரியாகவே செய்யும், நான் அதற்கு மாறிப் பல வருடங்கள் ஆகின்றன.

3.15-இல் யுனிகோட்டேட்டா தொகுப்பிலேயே இட்டர்-கிராஃபீம்ஸ் என்ற செயற்கூறு வருகிறது. சொல்லைக் கொடுத்தால், கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஒரு துண்டாக வெட்டித் தருகிறது. தமிழ் மூன்று, கீரை இரண்டு, கிளி இரண்டு. கொ-வை ஒரே குறியாக அடித்திருந்தாலும், கொம்பும் காலும் தனித்தனியாக அடித்திருந்தாலும் ஒன்றே. வெளியிலிருந்து எதையும் நிறுவவேண்டியதில்லை.

க்ஷ மட்டும் இரண்டாக வருகிறது, ஸ்ரீயும் அப்படியே. யுனிகோட் விதி அதுதான், பைத்தானைக் குறை சொல்ல முடியாது. ஆனால் புதிரில் ஸ்ரீயை இரண்டு கட்டத்தில் உடைத்துப் போட்டால் தீர்க்கிறவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அந்த இரண்டுக்கும் என் விதிவிலக்கு வரிகள் அப்படியே இருக்கும். உரைக்குள் வடிவங்களைத் தேட உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சொல்லெழுத்து என்று கேட்டால் புள்ளியிலும் விசிறியிலும் சொல் உடைகிற பழைய வியாதியும் தீரவில்லை. தமிழ் என்பதைத் தம, ழ என்று இரண்டு துண்டாகத்தான் இன்னமும் தருகிறது. மாறியின் பெயராகத் தமிழ் என்று முழுசாக வைக்கலாம், அதே சொல்லைத் தேடினால் உடையும்.

மே மாதம் பீட்டா என்று அட்டவணை சொல்கிறது. அதன்பின் புதிதாக எதையும் சேர்க்கமாட்டார்கள். முழு வெளியீடு 2026 அக்டோபரில். 67-இல் இதுவரை 31 வரிகளைத் திருத்தியிருக்கிறேன். மீதியில் பாதி, எதற்கு எழுதினேன் என்றே ஞாபகமில்லாத நிரல்களில் இருக்கிறது.