தண்ணீர் வரிசை: நோய்த்தொற்றுக்கால நாட்குறிப்பு

ஏப்ரல் 6, 2020

கை கழுவச் சொல்லி ஊரெல்லாம் அறிவிப்பு. குடிசைப் பகுதியில் கழுவுவதற்குத் தண்ணீர் எங்கே என்பதுதான் முதல் சிக்கல். நிவாரண அமைப்புகள் பின்பற்றும், அவசரகாலங்களுக்கான ஸ்ஃபியர் (Sphere) அளவுகோல், ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர், குழாய் ஒன்றுக்கு 250 பேர் என்கிறது. அந்த 250-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு திட்டம் போட்டுவிடுகிறார்கள். நிமிடத்துக்கு 7.5 லிட்டர் வரும் குழாயில் 250 பேருக்கான 3,750 லிட்டரைப் பிடிக்க 500 நிமிடம் ஆகும். அதாவது எட்டு மணி நேரத்துக்கும் மேல். இரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீர் வரும் தெருக்குழாய் 60 பேருக்குத்தான் தாங்கும்.

ஏப்ரல் 8

இடைவெளிக்காகத் தரையில் வட்டம் போடுகிறார்கள். 20 லிட்டர் கேன் நிறைய 2 நிமிடம் 40 விநாடி. ஒருவர் விலகி அடுத்தவர் வர ஒரு நிமிடம் என்று வையுங்கள்: இரண்டு மணி நேரத்தில் 32 கேன், 42 பேருக்கு. வட்டத்தால் வரிசைதான் நீளும், தண்ணீர் அதிகமாகாது. விநியோக நேரத்தைக் கூட்டுவதே முதல் வேலை. அழுத்தம் குறைந்த குழாயிலேயே இன்னும் நாலு குழாய் வைத்தால் எல்லாவற்றிலும் நூலாகத்தான் வரும்.

ஏப்ரல் 11

லாரியில் ஒரே ஹோஸ் என்றால் தள்ளுமுள்ளுதான். தண்ணீரை 5,000 லிட்டர் தொட்டியில் இறக்கிவிட்டு லாரியை அனுப்பிவிடலாம். தொட்டியிலிருந்து பைப்பை இருபுறமும் இழுத்து, ஆறு குழாய்களைத் தள்ளித்தள்ளி வைக்க வேண்டும். நிறைந்த தொட்டி 5 டன் எடை. மேடை மட்டமாக இல்லாவிட்டாலோ, கல் துருத்திக்கொண்டிருந்தாலோ அடிப்பகுதியில் விரிசல் விழும். வெளியேறும் பைப் அடியிலிருந்து சற்று மேலே இருக்கட்டும். வண்டலைக் கழுவிவிட அடியில் தனி வால்வு வேண்டும். திருகு குழாயைவிட, முழங்கையால் தள்ளக்கூடிய நீளக் கைப்பிடி பால் வால்வு (ball valve) நல்லது.

ஏப்ரல் 13

குளோரின். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 5,000 லிட்டருக்கு 10 கிராம் குளோரின் தேவை. 33 சதவீத வீரியமுள்ள புது ப்ளீச்சிங் பவுடரில் அது 30 கிராம். வீரியம் 25-க்கு இறங்கிய பவுடரில் 40. திறந்து வைத்த மூட்டையை நம்பாதீர்கள், வெயிலும் ஈரமும் தின்றுவிடும். பிளாஸ்டிக் வாளியில் குழைத்து, நீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு படிந்ததும் தெளிவை மட்டும், லாரித் தண்ணீர் விழும்போதே ஊற்றுங்கள். 30 நிமிடம் கழித்துக் குழாயைத் திறக்கலாம். கழிப்பறை ஆசிட் அருகில் வரக்கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

ஏப்ரல் 14

தண்ணீரில் மிஞ்சியிருக்கும் குளோரினைக் காட்டும் டிபிடி (DPD) மாத்திரைச் சோதனையில் இளஞ்சிவப்பு வர வேண்டும். அந்த மிச்சக் குளோரின் தொட்டியில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், கடைசிக் குழாயில் குறைந்தது 0.2. நிறமே வராவிட்டால் உடனே பவுடரைக் கூட்டத் தோன்றும். பெரும்பாலும் கலங்கலோ இரும்போ வண்டலோ குளோரினைக் குடித்திருக்கும். தொட்டியைக் கழுவிப் பாருங்கள். வாடை தூக்கலானால் மக்கள் பக்கத்துச் சுத்தமில்லாத கிணற்றுக்குப் போய்விடுவார்கள். அது இன்னும் மோசம்.

ஏப்ரல் 17

கை கழுவுமிடம்: குழாய் பொருத்திய வாளி, வலைப்பையில் கட்டிய சோப்பு. சோப்பு காணாமல் போனால், துணி சோப்புத்தூள் கரைத்த நீரை மூடியில் துளையிட்ட பாட்டிலில் தொங்கவிடலாம். கழிவுநீருக்கு உடைகல் போட்ட உறிஞ்சுகுழி, தொட்டி மேடையிலிருந்து தள்ளி. பக்கத்திலேயே தோண்டினால் மேடை அமுங்கிவிடும்.