கிரீஸ் காய்ந்த பிரேக்கரும் ஆர்க் ஃபிளாஷ் கணக்கும்

குன்னூர்ப் பக்கம் ஒரு பழைய தேயிலை ஃபேக்டரியின் மெயின் பேனலுக்கு ஆர்க் ஃபிளாஷ் கணக்குப் போடுவதாக வைத்துக்கொள்வோம்: ஷார்ட் ஆகும்போது காற்றில் பாயும் மின்வில் எதிரே நிற்பவரை எவ்வளவு சுடும் என்ற கணக்கு. சாஃப்ட்வேரில் மாடலைத் தேர்ந்தெடுத்ததும் புது பிரேக்கரின் டிரிப் வளைகோடு (எவ்வளவு கரன்ட்டுக்கு எத்தனை வினாடியில் திறக்கும் என்ற கோடு) வந்து உட்கார்ந்துவிடும். 25 வருடம் மழை ஈரத்திலும் தேயிலைத் தூசியிலும் கிடந்த பிரேக்கருக்கும் திறக்க அதே 0.05 வினாடிதான். என் சண்டை இங்கேதான்.

வெப்பம் நேரத்துக்கு நேர்விகிதம். 0.05 வினாடியில் சதுர சென்டிமீட்டருக்கு 1 கலோரி என்றால், 2 வினாடி இழுத்தால் 40 கலோரி. இரண்டாம் நிலைத் தீக்காயத்துக்கு 1.2 போதும்.

இழுக்க வைப்பது பெரும்பாலும் மெக்கானிசம். பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகிவிடும். கோளாறைக் கண்டு திறக்கச் சொல்லும் ரிலே கட்டளை கொடுத்தாலும் லாட்ச் (பிரேக்கரைப் பிடித்திருக்கும் கொக்கி) அசையாது. ஸ்பிரே எண்ணெய் அடிப்பது மிச்சமிருக்கும் கிரீஸையும் கழுவிவிடும், சில நாள் நன்றாக வேலை செய்துவிட்டு மறுபடி இறுகும்.

மலையில் இன்னொரு தொல்லை. தெர்மல் டிரிப் (கரன்ட்டின் சூட்டில் வளைந்து பிரேக்கரைத் திறக்கும் பாகம்) வழக்கமாக 40 டிகிரிக்கு அளவிடப்பட்டது. மார்கழிக் குளிரில் அது இன்னும் தாமதமாகத்தான் விழும். 250 கேவிஏ, 4.5 சதவீத இம்பீடன்ஸ் (உள் மின்தடுப்பு) டிரான்ஸ்ஃபார்மரில் நேரடி ஷார்ட் சர்க்யூட் சுமார் 7,400 ஆம்பியர். ஆர்க் என்றால் அதில் பாதியோ சற்று மேலோதான், 4,500 என்று வையுங்கள். 400 ஆம்பியர் எம்சிசிபியின் (மோல்டட் கேஸ் பிரேக்கர்) மேக்னடிக் டிரிப், அதாவது பெரிய கரன்ட்டில் காந்தத்தால் உடனே திறக்கும் பாகம், பத்து மடங்கில், 4,000-இல் இருக்கிறது. 20 சதவீத விலகலுக்கு அனுமதி உண்டு. அதாவது 4,800 வரை அது விழாமலே நிற்கலாம். அப்போது காத்திருக்க வேண்டியது அந்தக் குளிர்ந்த தெர்மலுக்காக. ஊட்டி 2,000 மீட்டருக்கு மேல் என்பதால் பிரேக்கர்களுக்கான தரநிலையான ஐஎஸ்/ஐஇசி 60947 சொல்லும் சாதாரண உயர எல்லையையும் தாண்டிவிட்டது. அங்கே ரேட்டிங்கைக் குறைக்கும் அட்டவணையைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

சோதனையில் பலர் தவறவிடுவது முதல் திறப்பு. இரண்டு தடவை ஆன்-ஆஃப் செய்தாலே கிரீஸ் இளகி, பழைய நோய் மறைந்துவிடும். அதனால் ஷட்டவுனுக்கு ஏசிபியை (பெரிய ஏர் பிரேக்கர்) திறக்கும் அந்த நொடியையே பதிவு செய்யுங்கள்: ஷன்ட் காயில் (பிரேக்கரைத் திறக்க வைக்கும் சுருள்) வயரில் கரன்ட்டை அளக்கும் ஒரு கிளாம்ப், சிடி (லோடு கரன்ட்டைச் சிறிதாக்கித் தரும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரி வயரில் ஒரு கிளாம்ப். காயிலில் கரன்ட் ஏறியதிலிருந்து லோடு கரன்ட் பூஜ்யமாகும் வரை எவ்வளவு மில்லிசெகண்ட் என்பதுதான் அந்த பிரேக்கரின் உண்மை.

பிறகு காண்டாக்ட் மின்தடை. மூன்று போலில் எதுவாவது மிகக் குறைந்ததைவிட 50 சதவீதத்துக்கு மேல் கூடினால் திறந்து பாருங்கள். அடுத்து, செட்டிங்கின் மூன்று மடங்கில் பிரைமரி இன்ஜெக்ஷன், அதாவது பிரேக்கர் வழியாகவே நிஜ கரன்ட்டைச் செலுத்துவது. ரிலேக்கு நேரடியாகச் சிறு கரன்ட் கொடுக்கும் செகண்டரி இன்ஜெக்ஷன் ரிலேயை மட்டும்தான் சோதிக்கும். சிடி அதில் வராது.

சோதிக்காத பிரேக்கர் திறக்கவே திறக்காது என்று வைத்து, மேலே டிரான்ஸ்ஃபார்மரின் 11 கேவி பக்கம் உள்ள எச்ஜி (ஹார்ன் கேப்) ஃபியூஸின் நேரத்தில் இன்னொரு கணக்குப் போடுங்கள். அந்த 4,500 ஆம்பியர் 11 கேவி பக்கம் சுமார் 180-ஆகத்தான் தெரியும். அங்கே யாராவது தடித்த கம்பி கட்டியிருந்தால் அந்த நேரமும் பொய். கம்பி என்ன கேஜ் என்று நேரில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.